டி டிரைவில் போன குரல்

செல்போன் அலறியது.

சர்ச் வராந்தாவில் டை கட்டிக்கொண்டிருந்த சிலாஸ் எடுத்தார். மனைவி ஆக்னஸ்.

"என்னங்க... உங்க அண்ணனைக் காணோம்."

சிலாஸுக்கு மூச்சே நின்றது. அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது!

"என்னடி சொல்ற?"

"அவர் பாட்டைச் சொல்றேங்க. கம்ப்யூட்டர்ல இல்ல. மாடிக்கு வாங்க."

சிலாஸ் படிகளில் பாய்ந்தார்.

இன்று அண்ணன் மகள் எமிக்குக் கல்யாணம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா பாடி கேசட்டில் பதிந்த தாலாட்டு ஒன்று உண்டு. அது ஒலிக்க, சித்தப்பா கையைப் பிடித்து சர்ச்சுக்குள் நடந்து வர வேண்டும். எமி கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்டுடியோவில் கேசட்டைக் கொடுத்தார்கள். பாட்டை எடுத்து முடித்ததும் நாடா அறுந்துபோனது. அவர்கள் அனுப்பிய லிங்க்கும் காலாவதி. ஸ்டுடியோ இன்று பூட்டு.

மாடியில் ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சவுண்ட் சிஸ்டம் பார்க்கும் கலேப்.

"போன ஞாயிறு நான்தான் டவுன்லோட் பண்ணேன். முழுசாக் கேட்டேன். இப்ப சுத்தமா இல்ல" என்றாள் ஆக்னஸ்.

"பாட்டு போடற சாஃப்ட்வேரும் திறக்கல அங்கிள்" என்றான் கலேப். "ஐகான் இருக்கு. க்ளிக் பண்ணா ஒண்ணும் வரல."

சிலாஸ் கண்களைச் சுருக்கினார். சனத்நகர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மல்காஜ்கிரியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் இருமினாலும் வைத்தியம் பார்ப்பவர் அவர். யாரும் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

"ஒரே நேரத்துல ரெண்டு கொலை... இது தெரிஞ்சவன் வேலை. கலேப், ரூம் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"ஏன் வியர்க்குது?"

"ஃபேன் ஓடல அங்கிள்."

"கைக்கு, எதுக்கு இங்க வந்து துப்பறியறீங்க?" ஆக்னஸ் பொறுமை இழந்தாள். "பொண்ணு கிளம்பிட்டா. நம்ம ஷெர்வின் கார்ல கூட்டிட்டு வர்றான்."

கலேப் அதற்குள் செட்டிங்ஸைத் திறந்திருந்தான்.

"அங்கிள், டவுன்லோட் எல்லாம் டி டிரைவுக்குப் போற மாதிரி யாரோ மாத்தியிருக்காங்க. சாஃப்ட்வேரும் அங்கதான் இன்ஸ்டால் ஆயிருக்கு."

"நான்தான் மாத்தினேன்." சிலாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "சி டிரைவ்ல விண்டோஸ் மட்டும்தான் இருக்கணும். அது படுத்தா எல்லாம் போயிடும். எத்தனை தடவை சொல்றது?"

"சரி... ஆனா இந்த மெஷின்ல டி டிரைவே இல்லையே."



"போன ஞாயிறு இருந்துச்சே. கண்ணால பார்த்துத்தான் போட்டேன்."

"அன்னிக்கு ஏதாவது சொருகியிருந்தீங்களா?"

சிலாஸின் முகம் வெளுத்தது. சொருகியிருந்தார்! காருக்குப் பழைய பாட்டு ஏற்ற, தன் பென்டிரைவை. ஆக்னஸ் பாட்டைக் கேட்டு முடித்ததும் உருவிக்கொண்டு வீட்டுக்கும் போய்விட்டார்.

கை பாக்கெட்டுக்குள் துழாவியது. பேன்ட்... கோட்... எங்கும் இல்லை.

"எங்கங்க அது?"

"கார்ல" என்றார் சிலாஸ். "ஆக்னஸ்... அண்ணனை நானே..."

 

வாசலில் ஹார்ன்.

மூவரும் இறங்கி ஓடினார்கள். கார் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து கரகரத்த ஓர் ஆண் குரல்... தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

சிலாஸ் அப்படியே நின்றுவிட்டார். அண்ணனேதான்!

ஸ்டியரிங்கில் இருந்த மகன் ஷெர்வின் தலையை நீட்டினான். "டாடி, ஸ்டீரியோ ஆன் கியா தோ, போட்டதுமே பெரியப்பா பாட ஆரம்பிச்சிட்டாரு. அக்கா பந்த் நக்கோ, நிறுத்தாதேன்னு சொல்லிட்டா."

எமி வெள்ளைப் புடவையில் இறங்கினாள். கண் நனைந்திருந்தது, முகம் சிரித்தது.

"வீட்டிலிருந்து இங்க வரைக்கும் அப்பா கூடவே வந்தார் சித்தப்பா. நீங்க பண்ண ஏற்பாடா?"

கலேப் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

சிலாஸ் தொண்டையைச் செருமினார். "ஹவ்மா, ஆமாம்மா... எல்லாம் யோசிச்சு செஞ்சதுதான்."

உள்ளே ஸ்பீக்கரில் அண்ணன் மறுபடி பாடத் தொடங்கினார். எமி சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

ஆக்னஸ் அவர் டையைச் சரி செய்வதுபோலக் காதருகே குனிந்தாள்.

"மாப்பிள்ளை வலது பக்கம் நிக்கிறாரு. பொண்ணையாவது சரியான இடத்துல கொண்டுபோய்ச் சேருங்க."