சுருளில் யாருமில்லை

தவசிலிங்கம் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். விருதுநகரில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒளிச்சட்டங்களில் கல்யாணப் படம், கடை திறப்பு விழாப் படம், குற்றாலத்தில் துண்டோடு நடுங்கிய படம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நேற்று இருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்களா என்று சரிபார்த்த பிறகுதான் காபி. முன்பெல்லாம் ஜனங்கள் செய்தித்தாளில் இரங்கல் பக்கத்தைப் பார்த்தார்களாம். இது அதைவிட வேகம்.

படத்திலிருந்து ஒருவர் போய்விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. ஊர் உலகத்துப் படங்களையெல்லாம் வைத்திருக்கும் பிம்பகம் அத்தனை நாகரிகம் கெட்டதல்ல. ஆள் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்துவிடும். நிழல் விழும் திசைகூடப் பிசகாது. "அவங்க வீட்டுல தொட்டி வச்சுட்டாங்களாம்" என்று மண்டியில் யாராவது சொன்னால், கேட்டவர் உடனே மிளகாய் வத்தல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

தவசிலிங்கத்தின் வீட்டில் தொட்டி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மகள் பொற்கொடி தூத்துக்குடியில் படித்துக்கொண்டிருந்தாள். துறைமுக வாசலில் போராட்டக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்தாள். ஒரு வேன் வந்தது. மறுநாள் காலையில் எல்லாப் படங்களிலும் அவள் இருந்த இடத்தில் தொட்டி. காதுகுத்துப் படத்தில் தாய்மாமன் ஒரு செம்பருத்தித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

காகிதப் படம் ஒன்றாவது மிச்சம் இருக்கக் கூடாதா என்றால், இருக்காது. பழைய காகிதப் படங்களைக் கொடுத்தால் ஒளிச்சட்டம் இலவசம் என்று வண்டி வந்தபோது, விருதுநகர் முழுக்க முண்டியடித்துக்கொண்டு போய்க் கொடுத்தது. தவசிலிங்கம் இன்னும் ஒருபடி மேலே போய், ஆல்பத்தின் அட்டைக்கும் சேர்த்து ஒரு சட்டம் கூடுதலாகப் பேசி வாங்கினார். அன்று ராத்திரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போன மாதம் அவர் மனைவி கனகவல்லி, தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"பாப்பாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

"இடது."

"வலதுல்ல?"

"இடதுதான். பெத்தவளுக்கு இதுகூடத் தெரியலையாக்கும்."

கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். தோசை கருகியது. அவருக்கும் நிச்சயமில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பொற்கொடியின் முகம் இருக்கும் இடம் உலகத்தில் இன்னும் ஒன்றே ஒன்றுதான்: தால்மர் கம்பெனிக் கேமரா ஒன்றின் வயிற்றுக்குள். ஃபிலிம் போட்டு எடுக்கும் பழங்காலத்துக் கேமரா. ஒரு தூத்துக்குடி வியாபாரி தலையில் கட்டிவிட்டுப் போன சாமான். அதில் ஒரு சுருளை மாட்டி, பொற்கொடி வத்தல் காயும் களத்தையும் கழுதையையும் எடுத்தாள். பிறகு அப்பா கையில் கொடுத்துவிட்டு வத்தல் அம்பாரத்தின் மேல் ஏறி நின்றாள். நெடி ஏறி அவள் தும்மும்போது இவர் பொத்தானை அமுக்கினார். அத்தோடு சுருளை நகர்த்தும் நெம்புகோல் இறுகிவிட்டது. அது பிம்பகத்துக்குத் தெரியாத படம். தொட்டி வைக்க முடியாத படம்.

தெருவில் எவனும் அதைத் தொட மாட்டான். எந்தச் சாமானையும் செய்த கம்பெனியே திறக்க வேண்டும் என்பது திறப்புரிமைச் சட்டம். ஒரு மிக்ஸியின் திருகைத் திருப்பியதற்கே ஆட்கள் உள்ளே போயிருக்கிறார்கள். இருட்டில் சுத்தியலால் உடைத்துச் சுருளை எடுத்துவிடலாம்தான். அதைக் கழுவிப் படமாக்கும் மருந்து கம்பெனியிடம் மட்டும்தான் இருந்தது.

கம்பெனியோ அவரைப் பந்தாடியது. முதலில் போனில் வந்த குரல், அப்படியொரு கேமராவைத் தாங்கள் செய்ததே இல்லை என்றது. கேமராவின் நெற்றியில் உங்கள் பெயர் பொறித்திருக்கிறதே என்றால், அப்படியானால் அது போலி, போலி வைத்திருப்பது குற்றம் என்றது. கோபத்தை விழுங்கிக்கொண்டு வேறொரு நாள் கூப்பிட்டார். செய்தது உண்மைதான், ஆனால் வாங்கிய ரசீது வேண்டும் என்றது இன்னொரு குரல். ரசீது போட்ட கடை அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும். பிறகு ஜெர்மனிக்கு அனுப்பச் சொன்னார்கள். ஜெர்மனி சிங்கப்பூரைக் காட்டியது. சிங்கப்பூர் மதுரைக்குப் போகச் சொன்னது. மதுரை அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

மதுரை சேவை மையத்தில் கேமராவைத் தவிர எல்லாமும் இருந்தது. தால்மர் இப்போது மிக்ஸி, இருதயக் கருவி, செயற்கை முழங்கால் எல்லாம் செய்கிறது. கவுண்டரில் மெர்லின் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் இருந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கருவி. அதற்குப் பெயர் கேட்பான். அதற்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்ளும்.

தவசிலிங்கம் கேமராவை எடுத்து, குப்பையைக் கொட்டுவது போல மேசைமேல் வைத்தார். முப்பது வருஷ மண்டிப் பழக்கம். எந்தச் சரக்கின் மேல் கண்ணோ அதைத்தான் முதலில் பழிக்க வேண்டும். முதல் தர சம்பா வத்தலைக் கையில் அள்ளி, "என்ன அண்ணாச்சி, இம்புட்டுச் சோடையா இருக்கு" என்று முகத்தைச் சுளிக்கத் தெரியாதவன் விருதுநகரில் கடை வைக்க முடியாது.

"பழைய இரும்பு தாயி. சும்மா அலமாரியில கெடந்துச்சு. வெயிட்டுக்குப் போடலாம்னு பாத்தேன். சரி, ஓடுனா ஓடட்டும்னு கொண்டாந்தேன்."

"உள்ள ஃபிலிம் இருக்கே சார்."

"இருக்கா?" என்றார் அவர், முதல் தடவையாகக் கேள்விப்படுவது போல. "இருந்தா கழுவிக் குடுங்க. இல்லாட்டியும் போகுது."

"படத்துல யார் இருக்காங்க?" மெர்லினின் குரல் கொஞ்சம் இறங்கியது. "யோசிச்சுச் சொல்லுங்க சார்."

படங்களிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பெயரை வெளியில் சொன்னால் சொன்னவன் வீட்டிலும் தொட்டி வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் பயத்தை முகத்தில் காட்டுபவன் வியாபாரியா?

"யாரும் இல்ல. கழுதை, களம், காக்கா... அம்புட்டுத்தான்."

"உங்களுக்குப் பிள்ளைங்க?" மெர்லின் அவர் கண்ணையே பார்த்தாள். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

இந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஏற மாட்டாயா என்று கேட்கும் தரகரின் பார்வை. சிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளையா? எனக்கு அப்படி யாரும் இல்ல தாயி."

கேட்பானின் மேல் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னியது. மெர்லின் தலையைக் குனிந்துகொண்டு டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். படியிறங்கும்போது, பரவாயில்லை, நன்றாகத்தான் பேசினோம் என்று தோன்றியது அவருக்கு. அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் கேமரா புதுப்பெண்ணைப் போல வந்தது. தோல் பளபளத்தது. நெம்புகோல் வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது. பொத்தானை அமுக்கினால் நாக்கைச் சொடுக்கும் சத்தம்.

"சுருள்?" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

"இல்ல சார். எங்க விதிப்படி, ரிப்பேருக்கு வர்ற சாமானை எப்படிச் செஞ்சோமோ அப்படியே திருப்பிக் குடுப்போம். செஞ்சப்ப உள்ள ஃபிலிம் இல்ல. சொந்தக்காரர் வேணும்னு கேட்டா மட்டும் எடுத்து வைப்போம். நீங்க இல்லாட்டியும் போகுதுன்னு சொன்னீங்க."

"அது பேச்சுக்குச் சொல்றது! எல்லாரும் அப்படித்தானம்மா பேசுவாங்க!"

"கேட்பானுக்குப் பேச்சுக்குன்னு ஒண்ணு கிடையாது." மெர்லின் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிண்ணத்தின் மேல் தன் கைக்குட்டையைப் போட்டாள். சார் என்பது போய்விட்டது. "அண்ணாச்சி, ஃபிலிம விடுங்க. நீங்க சொன்ன இன்னொண்ணுதான். நீக்கம்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல. சொந்த வீட்டுல ஒருத்தர் 'இல்ல'ன்னு சொல்ற வரைக்கும் ஆளை வச்சிருப்பாங்க."

"எங்க வச்சிருப்பாங்க?"

"எனக்குத் தெரியாது. உயிரோட வச்சிருப்பாங்க."

"இல்லன்னு சொன்ன பெறகு?"

அவள் கைக்குட்டையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். தவசிலிங்கம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா பாவி மகளே?"

"இது கேட்டுக்கிட்டு இருக்கையில வேற எப்படிச் சொல்றது? யோசிச்சுச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் சிரித்தது அவருக்கு நினைவிருந்தது. எந்தப் பல் தெரியச் சிரித்தார் என்பதுவரை நினைவிருந்தது.

"சொன்னத மாத்தணும். என்ன வழி?"

"வழி இருக்கு. சொன்னத மாத்த ஒரு வாரம் விடுவாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு மூடுறதுக்குள்ள, பொய் சொன்னேன்னு நீங்களே சொல்லணும். சொன்னா அந்த நிமிஷமே நீங்களும் நீக்கத்துக்குள்ள வந்துருவீங்க. உங்க வீட்டுல ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அவங்க உண்டுன்னு சொன்னா நீங்களும் உண்டு, உங்க பொண்ணும் உண்டு. இல்லன்னு சொன்னா..."

"வீட்டுல பொஞ்சாதி மட்டும்தான். அவகிட்ட முதல்ல ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

அவர் போனை எடுத்தார். மையத்துக்குள் நுழைந்ததும் எல்லோருடைய போனும் அணைந்துவிடும் என்றாள் மெர்லின். வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாமா? வெளியே போனால் மறுபடி டோக்கன். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. சுவரில் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்ன விலைக்குச் சரி என்று சொல்லாதவர், கிண்ணத்தின் மேலிருந்த கைக்குட்டையை எடுத்து மெர்லினிடம் நீட்டினார்.

"எனக்கு ஒரு மக உண்டு," என்றார் கிண்ணத்தைப் பார்த்து. "பேரு பொற்கொடி. சுருள்ல இருந்தது அவதான். அன்னிக்கு நான் சொன்னது பொய்."

இந்தத் தடவை பச்சை விளக்கு மின்னவில்லை. ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கேட்பானுக்குள்ளிருந்து விருதுநகர் வீட்டில் மணியடிக்கும் சத்தம் வந்தது.

அப்போதுதான் அவருக்குக் கனகவல்லியைப் பற்றிய நினைப்பு வந்தது. அவள் அருப்புக்கோட்டை நூல் வியாபாரிகள் வீட்டுப் பெண். அவர்களோடு ஒப்பிட்டால் இவரெல்லாம் பச்சைக் குழந்தை. ஒரு தடவை வரி அதிகாரிகள் வந்து முதலாளி எங்கே என்று கேட்டபோது, அடுத்த அறையில் இவர் இருமிக்கொண்டிருக்க, "அவுக திருச்செந்தூர் போயிருக்காக, உள்ள எங்க மாமனாரு இருமுறாரு" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள். மாமனார் செத்துப் பல வருஷம்.

"வணக்கம்," என்றது கேட்பான், அவளிடம். "தவசிலிங்கம் என்று உங்கள் உறவில் யாராவது உண்டா?"

மறுமுனையில் குக்கர் விசிலடித்தது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம்.

"யாரு கேக்குறது?"

"தவசிலிங்கம் என்று உங்கள் உறவில் யாராவது உண்டா?"

"கனகம், உண்டுன்னு சொல்லு!" என்று கத்தினார். மஞ்சள் விளக்கு அசையவில்லை. அது இப்போது அவர் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அவள் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தை அவர் அறிவார். வேண்டாதவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, இருப்பதிலேயே நல்ல சரக்கைச் சாக்குக்கு அடியில் தள்ளும் நேரத்து மௌனம். மகளைக் கொண்டுபோனவர்கள் இப்போது இவரைக் கேட்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறாள்.

"கனகம்..."

குரல் வந்தது. தெளிவாக, கொஞ்சம் சலிப்போடு, அவரே நம்பிவிடும் அளவுக்கு நேர்த்தியாக.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே. யாரோ தப்பா நம்பர் குடுத்திருக்காங்க."

"உறுதியாக இல்லையா?"

"இல்லன்னா இல்லதான். எத்தன தடவ கேப்பீங்க?"

மஞ்சள் விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. மெர்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அவருடைய தோளுக்கு மேலாக வரிசையைப் பார்த்தாள்.

"அடுத்த டோக்கன்," என்றாள்.

ஓர் அம்மாள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவரைப் பார்த்தும் பார்க்காதது போல, மிக்ஸியை மேசைமேல், அவர் கைகள் இருந்த இடத்தில் வைத்தாள். தவசிலிங்கம் கைகளை எடுத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார்.