கத்தினா கேக்காது

"என் பொண்ணு எங்க இருக்கான்னு தெரிஞ்சா சொல்லேன் பாய்! சும்மா மீன் மாதிரி வாயை அசைச்சா என்னய்யா அர்த்தம்? நக்கலா?"

மாடிப்படியில தண்டபாணி போடுற சத்தம் உள்ளே இருந்த அவன் பொண்டாட்டி வாசுகிக்குக் கேட்டுச்சு. எதிராளி குரலே இல்லை.

பரங்கிப்பேட்டையில இது புதுசு இல்லை. பழைய மதக் கலவரத்துக்கு அப்புறம் எல்லார் காதுக்குள்ளேயும் செவித்திரைன்னு ஒரு வடிகட்டியை வச்சுத் தைச்சாச்சு. அடுத்த மதத்தோட பாட்டு, பாங்கு, மணி, சாமி பேரு, கும்பிடுற இடத்தோட பேரு எதுவும் காதுல விழாது. அடுத்த மதத்துக்காரன் குரலை உயர்த்தினா மொத்தமா அடைச்சிடும். அதனால சண்டையே இல்லை. நல்லிணக்கம்னு பேரு.

வாசுகி ஓடி வந்தா. எதிர்வீட்டு கமாலுதீன் நனைஞ்சு நின்னாரு. கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணு கலங்குது, சத்தம் மட்டும் வரலை.

"அண்ணே, கத்தாதீங்க! கத்தினா எங்களுக்குக் கேக்காது. மெதுவா..."

அவர் மூச்சை அடக்கிக்கிட்டாரு. "தங்கச்சி, நிறைமதி மழைக்கு ஒதுங்கி..." ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. "...ல நின்னா. மூச்சுத் திணறுது. இன்ஹேலர் எடுத்துக்க."

"எங்கய்யா நின்னா?" தண்டபாணி அவர் சட்டையைப் பிடிச்சான்.

"விடுங்க! அவர் சொல்ல வேண்டாம், கூட்டிட்டுப் போகட்டும்," வாசுகி இன்ஹேலரை எடுத்துக்கிட்டு முட்டியளவு தண்ணியில அவர் பின்னாடியே ஓடினா.

போய் நின்ன இடம் பள்ளிவாசல். பாங்கு சொல்ற மோதினார் மைக்கைப் பிடிச்சபடி இன்னும் வாயை அசைச்சுக்கிட்டு இருந்தாரு. மத்தியானத்துல இருந்து ஊர் முழுக்க அவ மக பேரைத்தான் சொல்லியிருக்காரு. முஸ்லிம் வீடுங்க இருக்கிற தெருவெல்லாம் கேட்டுச்சு. பெத்தவளுக்குக் கேக்கலை.

முன்வாசல்ல பாய் விரிச்சுப் பிள்ளையைப் படுக்க வச்சிருந்தாங்க. வாசுகி இன்ஹேலரை வாயில வச்சு அமுக்கினா. மறுபடி அமுக்கினா. நெஞ்சு எழும்பலை. சுத்தி நின்னவங்க உதடு மட்டும் அசையுது.

"என்ன சொல்றீங்க? பொழைக்கணும்னு வேண்டுறீங்களா, இல்ல... யாராவது சொல்லுங்களேன்!"

அழுதுக்கிட்டே சத்தமா சொன்னாங்க. அவளுக்குத்தான் கேக்கலை. கமாலுதீன்தான் அவ பக்கத்துல உக்காந்து, அழுகையை முழுங்கிக்கிட்டு, மெதுவா சொன்னாரு: "போயிட்டா தங்கச்சி."

அன்னைக்கும் ஊர்ல ஒரு சண்டை இல்லை. கடைத்தெருவுல மாட்டியிருக்கிற அமைதி அளவி நூத்துக்கு நூறு காட்டுச்சு.

இதைப் படிச்சவங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுத்தவங்க குரல் கேக்காம கிடைக்கிற அமைதி உங்களுக்கு வேணுமா? தயவுசெஞ்சு கீழே பதில் எழுதுங்க.