கைக்குட்டை ஏணை

அறையில் பால் வாசனை அடித்தது.

ஆகஸ்ட் மத்தியானம். இத்தாலியின் பலெர்மோ நகரம் யன்னல்களைச் சாத்திக்கொண்டு உறங்கும் நேரம். அரும்பொருட்சாலையாக மாறிய பழைய மாளிகையில் அமலினியும் மாக்கிரட் அக்காவும் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். அமலினிக்கு ஏழு மாதம். முன்னர் தரித்த இரண்டும் தங்கவில்லை. இது தங்கியிருந்தது, வலது விலாவுக்குக் கீழே ஒரு குட்டிக் குதிகால் காலையிலிருந்து உதைத்துக்கொண்டேயிருந்தது.

அந்த அறையை இருட்டாகவே வைத்திருந்தார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன் பேறுகாலம் நெருங்கிய ராணியை இப்படித்தான் அடைப்பார்கள்: சுவரிலும் யன்னலிலும் கனத்த திரை, சாவித் துவாரத்தில் துணி, உள்ளே பெண்கள் மட்டும். பிறந்த பிள்ளை செவிலித்தாயிடம் போய்விடும். ராணி பாலூட்டினால் அடுத்தது தரிக்கத் தாமதமாகும் என்பதால், பால் வற்றும்வரை அவள் மார்பை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டிலருகே நீலப் போர்வையும் மணிமுடியுமாக நின்ற மெழுகு உருவத்தின் மார்பிலும் அந்தக் கட்டு இருந்தது. பக்கத்தில் வெறும் தொட்டில்.

இது எதுவும் அமலினிக்குத் தெரியாது. போன மாரியில், ஊர் மாதா கோயிலில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவதுபோல, தன் கைக்குட்டையைத் தூளிபோல ஒரு குட்டி ஏணையாக முடிந்து, தொட்டிலின் சுவர்ப்பக்கம் யார் கண்ணிலும் படாமல் தொங்கவிட்டு, உருவத்தின் முன் முழந்தாளிட்டிருந்தாள்.

"அக்கா, மாதாவுக்குக் கிட்ட பால் மணக்குது."

"எந்த மாதா? விசரி, அது ராணியடி!" மாக்கிரட் சிரித்தாள். "ஆறு பெத்தவ. ஒண்டும் தங்கேல்லை. கடைசியிலை இஞ்சைதான் செத்தவ. ஏன், நேர்த்தி கீர்த்தி வைச்சனியோ?"

"சீ, இல்லை."

மாக்கிரட் வாளியோடு கீழே போனாள். படிகளில் அவளது செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் திரைகள் அதையும் விழுங்கிவிட, அமலினிக்குத் தன் மூச்சு மட்டும் கேட்டது.

முடிந்த ஏணையை அவிழ்த்துவிட்டால் போதும்.

தொட்டிலின் பின்னால் கையை விட்டாள். முடிச்சு ஈரமாயிருந்தது. நகம் வழுக்கியது. வெறும் துணி, ஆனால் கனத்தது. இளஞ்சூடு.

கையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் உணர்ந்தாள். உதை நின்றிருந்தது.

வயிற்றைத் தட்டினாள். "குஞ்சு... ஒருக்கா அசையம்மா."

அசையவில்லை.

"அம்மாவுக்காண்டி. ஒருக்கா."

நிமிர்ந்தாள். மெழுகு மார்பின் கட்டுத்துணியில் இரண்டு ஈர வட்டங்கள். விரிந்துகொண்டிருந்தன.

ஏணை மெல்ல ஆடியது. கைக்குட்டையின் வலப்பக்கத்தில், உள்ளேயிருந்து, ஒரு குட்டிக் குதிகால் புடைத்துத் தள்ளியது.