முழங்கைக்கு மேலே ஏறிய கயிறு

ஃபாதர் சுதாகரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், சூசை வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில், அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பெஞ்சில் பிலோமினா. வாசற்படியில் அவள் தம்பி சூசை, குனிந்த தலையோடு. அவன் மனைவி பூரணி மட்டும் உட்காரவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். சுவரில், மாலை போட்ட படத்துக்குள், அவள் மகள் சிஸ்டர் தர்ஷனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரத்தப் புற்றுநோயில் இளவயதிலேயே போனவள். அவளைப் புனிதராக்க வேண்டுமென்று மடத்துச் சகோதரிகள் மனுப் போட்டிருந்தார்கள். அவளை அறிந்தவர்களின் சாட்சியங்களை ஆயருக்குக் கடிதமாக எழுதி அனுப்புவது ஃபாதரின் வேலை. பெற்றவளுடையதுதான் மிச்சம்.

"எழுதுங்க ஃபாதர்!" பிலோமினா முந்திக்கொண்டாள். "தேயிலை பெக்டரிக்குப் பக்கத்துல ரோதமுனி சாமி கோயில் இருக்கே... அங்க மந்திரிச்ச கயித்த இவ ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிக் கட்டுனா! என் மருமக அத அத்து எறிஞ்சிட்டு ஜெபமாலைய எடுத்தா. அதான் விசுவாசம்!"

அந்தக் கதை, மடம் தர்ஷனா பெயரில் வெளியிட்ட ஜெப அட்டையிலேயே அச்சாகியிருந்தது. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிய பூரணியை, 'பேய்க் கயிறு கட்டுனவ' என்று மாதா கோயில் வாசலிலேயே ஏசினார்கள். அவள் மறுத்ததில்லை. தன் பெயர் கெட்டாலும் மகள் பெயர் நிற்கட்டும் என்றிருந்தாள்.

"உண்மைதானாம்மா? பைபிள் மேல கைவச்சுச் சொல்லணும்," என்றார் ஃபாதர்.

பூரணி தன் மாவுக் கையைப் பார்த்தாள். பழியைச் சுமக்கலாம்... பொய்ச் சத்தியம் செய்யலாமா?

"அவ அத்து எறியலங்க ஃபாதர்."

"அடியே பூரணி!"

"இருங்க மதினி! இத்தன நாளும் நீங்கதானே பேசுனீங்க..." பூரணி நிலையை விட்டு முன்னே வந்தாள். "'கட்டி வுடும்மா, ஒன் மனசு ஆறட்டும்'னு அவளே கைய நீட்டுனா. கை மெலிய மெலியக் கயிறு நழுவும். இறுக்கி இறுக்கிக் கட்டுனேன். அப்பறம் முழங்கைக்கு மேல ஏத்துனேன்... அங்கயும் நிக்கலங்க! அந்தக் கையிலேயேதான் ஜெபமாலையும் வச்சிருந்தா. 'மாதா வர மாட்டேங்குறாங்கம்மா, பயமா இருக்கு, நீ போயிறாத'ன்னு அழுதா. அழுதுக்கிட்டேதான் ஜெபஞ் சொன்னா..."

"தம்பி! புள்ளையோட பேர மண்ணுல தள்றாடா! கேட்டுக்கிட்டு இருக்கியே!"

சூசை எழுந்தான். மகள் போன நாளிலிருந்து மனைவியின் முகம் பார்த்துப் பேசாதவன்.

"நெசந்தான்க்கா. பொட்டியில வைக்கிறதுக்கு முன்ன நாந்தான் அந்தக் கயித்த அவுத்தேன். ஊரு இவள ஏசுறப்ப வாயத் தொறக்கல... பாவி நான்!" பூரணியின் மாவுக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினான். "மன்னிச்சிருடி..."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகையும் வரவில்லை.

ஃபாதர் பேனாவின் மூடியைத் திறந்தார். "சொன்னதச் சொன்னபடியே எழுதுறேன்மா. ஆனா இது போச்சுன்னா, மனு நகர்றது கஷ்டம்."

"நகராட்டிக் கெடக்கட்டுங்க. எம்புள்ளயப் பாதியா வெட்டி வச்சு யாரும் கும்புட வேணாம்."

எழுதி, வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்திட்டாள், கீழே சூசையும். பிலோமினா தனக்கு வைத்த தேயிலைச் சாயத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

பனி ஈரத்தில் கடித உறை ஒட்டவில்லை. பூரணி மாவில் கிள்ளி விளிம்பில் தடவினாள். சூசை கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தான். ஃபாதரின் மோட்டார் சைக்கிள் தேயிலைக்கு நடுவே இறங்கி, ரோதமுனி கோயில் வளைவைத் தாண்டியது. ஹட்டன் தபாலுக்குக் கடிதம் போய்விட்டது.