கடல் செருப்பைக் கொண்டுபோன காட்சி

2094 பிப்ரவரி 9, செவ்வாய். வகுப்பு இடைவேளை. இன்று ஒரு சிறு தவறு. பன்னிரண்டாம் காட்சிக்கு 'நாயகன் மணலில் குப்புற விழுகிறான்' என்று குறிப்பு எழுதிவிட்டேன். அவன் விழவில்லை. அடித்துத் திருத்தினேன். கவனக்குறைவா, இல்லை இந்தப் படிப்பே எனக்குச் சரிப்பட்டு வராதா, தெரியவில்லை.

ஜெனிட்டா பேனாவை மூடினாள். வகுப்பில் எல்லாருடைய கால்களும் அலுப்பில் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவளுடையதும்தான். பழைய படங்களுக்குக் காட்சிக் குறிப்பு எழுதப் பயிற்றுவிக்கும் மாலை வகுப்பு அது. பகலில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை. வேலை முடிந்து வெறும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் இதில் சேர்ந்திருந்தாள்.

"என்ன ஜெனிட்டா, நீயும்..." என்று ஆரம்பித்தார் பக்கத்து மேசை துரைக்கண்ணு. பேருந்துப் பணிமனைக்காரர்.

"ஆமா அண்ணாச்சி, விழுந்தான்னுதான் எழுதுனேன்."

"அப்ப நம்ம ரெண்டு பேரு..."

"காதும் கெட்டுப் போகல. முன்செவி சொன்னதத்தான் எல்லாரும் எழுதியிருக்காங்க."

இருவரும் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊரில் எல்லாருமே இப்படித்தான் பேசினார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் முன்செவி, நடக்கப்போவதைச் சில நொடிகள் முன்பே மெல்லச் சொல்லிவிடும். கடல் தூத்துக்குடிக்குள் ஏறி வந்த ஆண்டுகளில், அலை வருவதை எச்சரிப்பதற்காக வீட்டுக்கு வீடு கொடுத்த கருவி அது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. பிறகு படியில் கால் இடறப்போவதைச் சொன்னது. அதன்பிறகு எதிரில் நிற்பவர் பேசப்போவதையும் சொல்லத் தொடங்கியது. வாக்கியத்தை முடிக்கும் வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று. பாதியில் நிறுத்துவதுதான் மரியாதை. முழுதாகப் பேசுகிறவனுக்கு 'இழுவை' என்று பெயர்.

அவள் கணவன் லியாண்டரும் மரியாதைக்காரன்தான். இரண்டு வாரங்களுக்கு முன், சாப்பாட்டு மேசையில், "ஜெனி, நாம ரெண்டு பேரும்..." என்று தொடங்கி நிறுத்தினான். 'பிரிந்துவிடலாம் என்பார்' என்றது அவளுடைய முன்செவி. அவள் தட்டைப் பார்த்தபடி, "சரி, போங்க" என்றாள். அவன் ஒரு பையோடு போனான். கடலைத் தடுக்கும் சுவரோரம், ஏறி வரும் நீரை வெளியேற்றும் இறைப்பு நிலையத்தில்தான் அவனுக்கு வேலை; அங்கேயே ஊழியர் அறை ஒன்றில் தங்கியிருப்பதாகக் கேள்வி. அழுகை வருவதற்கு முன்பே முன்செவி அதையும் சொல்லிவிட்டதால் அவள் அழவும் இல்லை.

விளக்கு அணைந்தது. படம் தொடர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நகைச்சுவைப் படம். தலைப்பு வரும் பகுதியே அழிந்திருந்தது. திரை முழுக்கக் கடற்கரை. சுவர் இல்லாத கடல். நாயகன் இறுக்கமான பூப்போட்ட சட்டையில் நாயகியிடம் நீளமாகக் காதல் சொல்லிக்கொண்டிருந்தான். 'இப்போது அவள் கையைப் பிடிப்பான்' என்றது முன்செவி.

அவன் பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ஓர் அலை வந்து அவனுடைய ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போனது. அவன் வசனத்தை விடாமல், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே செருப்பைத் துரத்தினான். "உனக்காக இந்த உலகத்தையே..." என்றபடி குனிந்தான். செருப்பு தள்ளிப் போனது. "...உன் காலடியில்..." மறுபடியும் குனிந்தான். நாயகி வாயைப் பொத்திக்கொண்டு நிஜமாகவே சிரித்தாள். பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், "அந்தா போகுது, அந்தா!" என்று கத்தியது. சுண்டல் விற்றவர் தூக்குவாளியோடு தண்ணீரில் இறங்கிச் செருப்பை மீட்டு வந்து, அதை உயர்த்திக் காட்டி, நேராகக் கேமராவைப் பார்த்து இளித்தார்.

'திருத்தம்' என்றது முன்செவி. 'திருத்தம். திருத்தம்.' பிறகு பேச்சையே நிறுத்திவிட்டது.

யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அது தன்னுடைய குரல் என்பது ஜெனிட்டாவுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அடுத்து துரைக்கண்ணு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வகுப்பில் ஒரு காலும் ஆடவில்லை.

"பெரிய படம்னா முன்செவி அச்சுப் பிசகாம சொல்லிரும்" என்றார் வகுப்பு எடுக்கும் பர்வீன். படத்தை நிறுத்தியிருந்தார். "இது காசில்லாம எடுத்த படம். அரங்கம் போட வழியில்ல, கடற்கரைக்கு வாடகை கிடையாது. கூட்டத்த விரட்ட ஆள் இல்ல, திரும்ப எடுக்கப் படச்சுருள் இல்ல. அடுத்து என்ன நடக்கும்னு எடுத்தவங்களுக்கே தெரியாது. அப்புறம் முன்செவிக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரிப் படத்தத்தான் ஜனங்க திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பாக்குறாங்க."

"மேடம், அப்ப மனுஷங்க விஷயத்துலயும் அது..." ஜெனிட்டா வழக்கம்போல நிறுத்தினாள்.

பர்வீன் காத்திருந்தார். அவருடைய முன்செவியும் அமைதியாகிவிட்டது போலும். "என்ன கேக்க வந்தீங்க?"

அவளுக்கு முகம் சூடேறியது. "தப்பாச் சொல்லுமா?" என்று முடித்தாள்.

"எனக்குத் தெரியலம்மா. நான் யாரையும் முழுசாப் பேச விட்டதில்ல."

மீதிப் படத்துக்கு ஜெனிட்டா உட்காரவில்லை. வெளியே வந்து, தெருமுனையில் முன்செவியைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். தெரு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. மிதிவண்டி ஒன்று மணியடித்தபோது துள்ளி ஒதுங்கினாள். இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றாள். நடந்தாள்.

லியாண்டர் எண்ணெய்க் கையோடு இறைப்பு நிலையத்தின் வாசலுக்கு வந்தான். "ஜெனி... நீ இப்ப..."

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான்.

"என்ன?" என்றாள்.

"அதான் கேட்டிருக்குமே."

"கேக்கல. கழட்டிட்டேன்."

அவன் பதறிப்போய் அவள் காதைப் பார்த்தான். "கிறுக்கா பிள்ள உனக்கு? சுவரோரத்துல வந்து நிக்க. அலை ஏறுச்சுன்னா?"

"ஏறுனா நனைஞ்சிட்டுப் போறேன். அன்னைக்குச் சொல்ல வந்தத முழுசாச் சொல்லுங்க."

"நாம ரெண்டு பேரும்..." என்றான்.

"ம். அதுக்கு மேல?"

உள்ளே இறைப்பான்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவன் உதடுகள் அசைந்தன. கை தானாகவே தன் காதுக்குப் போயிற்று, அங்கே கேட்டால் கிடைக்கும் என்பதுபோல. பிறகு அவனும் முன்செவியைக் கழற்றினான்.

"தெரியல ஜெனி. நான் வாயத் தொறக்கும்போதே 'சரி, போங்க என்பாள்'னு என் காதுல சொல்லிருச்சு. நீயும் அப்படியே சொன்ன. அப்ப நான் சொல்ல வந்தது பிரியிறதப் பத்தித்தான் இருக்கும்னு பையத் தூக்கிட்டு வந்துட்டேன். அதுக்கு முன்னால மனசுல என்ன இருந்துச்சுன்னு தினமும் யோசிக்கேன். வரவே மாட்டேங்குது."

அவன் அவளிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"பிரிஞ்சிரலாம்னே சொல்ல வந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்" என்றான் அவன், கீழே பார்த்தபடி. "இல்லாமலும் இருக்கலாம். இப்ப கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும். பழக்கமில்ல. கொஞ்சம் நேரம் குடு."

அவளுக்கும் உடனே ஏதாவது பதில் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் இடைவேளைக் குறிப்புக்குக் கீழே எழுதினாள்:

நாளை, பிப்ரவரி 10, புதன். வகுப்புக்கு விடுப்பு சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் நேராக இறைப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். முன்செவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை பதில் பேசக் கூடாது.