குருதிப்பூட்டின் விருந்தாளி

“இவர் இந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்லர். அறியாத ஆண் ஒருவர்” என்றது குருதிப்பூட்டு.

வாசலில் நின்ற இன்பவல்லி முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டாள். ஈரோட்டின் அந்த அடுக்ககத்தில், ஏழாம் மாடியில், பதினோரு வருடமாகக் குடியிருப்பவள் அவள். வயது முப்பத்தொன்பது. இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்து முப்பதாம் நாள், மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

அந்தக் காலத்தில் சாவி என்று ஒன்று கிடையாது. கதவோரக் குழியில் விரலை வைத்தால் மெல்லிய ஊசி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும். வெள்ளணுக்களின் மரபுக்குறியைப் படித்து ஆளைச் சொல்லும். முகத்தை மாற்றலாம், கைரேகையை நகலெடுக்கலாம், இரத்தத்தை எவராலும் மாற்ற முடியாது என்று நம்பித்தான் நாடு முழுக்க இந்தப் பூட்டை வைத்திருந்தார்கள். விபத்தில் பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் வெளியே நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு சலுகை இருந்தது. வீட்டாரின் குறி நூற்றுக்கு முப்பது தெரிந்தாலே கதவு திறந்துவிடும். மற்றவர்களை வீட்டார் யாராவது ‘விருந்தினர்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். விருந்தினரின் குறிகள் அடங்கிய அந்தப் பட்டியல், நாட்டில் எல்லார் குறியையும் வைத்திருக்கும் குருதிப் பதிவகத்துக்குப் போகும்.

பூட்டின் சிறுதிரையில் எண்கள் தெரிந்தன. இன்பவல்லி 9. அறியாதவர் 91.

அவள் கணவன் செல்லப்பா அவளை விருந்தினராகப் பதிந்து உள்ளே அழைத்துப்போனான். கையோடு மருத்துவர் ரொகையாவை அலைபேசியில் கூப்பிட்டான்.

“டாக்டர், பூட்டு இவளை உள்ளயே விடமாட்டேங்குதுங்க.”

“நல்ல சேதிதான் சொல்றீங்க” என்றார் ரொகையா. “கொடை குடுத்தவரோட மஜ்ஜை உள்ளே வேர் பிடிச்சு, அவரோட இரத்தத்தையே செய்ய ஆரம்பிச்சிருச்சு. நோய் இருந்த பழைய அணு நூத்துக்கு ஒன்பதுதான் மிச்சம். அது இன்னும் குறையணும். கூடுச்சுன்னா உடனே எனக்குச் சொல்லுங்க.”

கொடையாளியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஆண், வயது இருபத்தாறு. பெயரை இரண்டு வருடத்துக்குச் சொல்லக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. மகள் நறுமுகைக்குப் பதினோரு வயது. அவளே அவருக்கு ‘மாமா’ என்று பெயர் வைத்துவிட்டாள். அம்மா பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், “இன்னைக்கு மாமா எவ்வளவும்மா?” என்று கேட்டு நாட்காட்டியில் எழுதி வைப்பாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றாறு.

நெசவாலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு செல்லப்பா சமையலை ஏற்றான். எல்லாம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். பச்சையாக எதுவும் கூடாது, தயிர் கூடாது, முந்தைய வேளைச் சோறு கூடாது. மல்லிகைச் சரம்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. நறுமுகை பள்ளியிலிருந்து வந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் அம்மாவின் கட்டிலருகே போவாள். அப்போதும் கட்டிலில் உட்காரமாட்டாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் இன்பவல்லி கொத்தமல்லிச் சட்னி கேட்டாள். செல்லப்பா மறுத்தான். இரண்டாம் முறை கேட்டபோதும் மறுத்தான். அவள் கஞ்சிக் கரண்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

“நாக்குல புண்ணு ஆறி இப்பத்தான் ருசியே தெரியுது. அதுக்கும் ஆகாதா? நான் நோயாளியா, கைதியா?”

செல்லப்பா தரையைத் துடைத்தான். சற்று நேரத்தில் நறுமுகை ஒரு கிண்ணத்தோடு வந்தாள். கொத்தமல்லியைக் கால் மணிநேரம் வேகவைத்து அரைத்திருந்தாள். பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி இருந்தது அது.

“நல்லாவே இருக்காதும்மா” என்றாள்.

நன்றாக இல்லைதான். இன்பவல்லி வழித்துச் சாப்பிட்டாள்.

எழுபத்தேழாம் நாள் பரிசோதனை முடிந்து மூவரும் வாசலில் நின்றார்கள். இன்பவல்லி விரலை வைத்தாள். கதவு உடனே திறந்தது.

“வாங்க, இன்பவல்லி” என்றது பூட்டு.

யாரும் அசையவில்லை. திரையில் இன்பவல்லி 34.

“மாமா எங்கப்பா போயிட்டாரு?” என்றாள் நறுமுகை.

செல்லப்பா திறந்த கதவை இழுத்துச் சாத்தினான். உள்ளே காலெடுத்து வைக்காமலே மூவரும் மருத்துவமனைக்குத் திரும்பினார்கள்.

பழைய அணுக்கள் மீண்டும் தலையெடுப்பதை மருத்துவமனைப் பரிசோதனையும் உறுதி செய்தது. ரொகையா எதையும் மறைக்கவில்லை. “அந்தப் பையன் குடுத்ததுல ஒரு பை உறைய வச்சிருக்கோம். அதை ஏத்தி, எதிர்ப்பை அடக்குற மாத்திரையைக் குறைப்போம். புது அணு பழசை விரட்டும். ஆனா உங்க தோலையும் குடலையும் சேர்த்து அடிக்கலாம். கஷ்டமா இருக்கும்.”

“ஏத்துங்க டாக்டர்” என்றாள் இன்பவல்லி.

கஷ்டமாகத்தான் இருந்தது. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. மூன்று வாரம் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. செல்லப்பா அவள் கைக்கு மருந்து தடவிவிடும்போது, “அடிக்கட்டும் கண்ணு, விரட்டிப்போட்டு அடங்கீரும்” என்பான். அவளுக்குச் சொன்னானோ தனக்கே சொல்லிக்கொண்டானோ, தெரியாது.

மறுபடி வீட்டுக்கு வந்த நாளில் கதவு திறக்கவில்லை. அவள் குறி இருபத்தொன்று. அடுத்த வாரம் எட்டு. பிறகு மூன்று. நூற்று நாற்பதாம் நாள் பூட்டு அறிவித்தது: “அறியாத ஆண். நூற்றுக்கு நூறு. இந்த வீட்டாரின் குறி எதுவும் இல்லை.”

இத்தனை மாதமும் கண் கலங்காத செல்லப்பா நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்து அழுதான். நறுமுகை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் மருத்துவர் சொல்லியிருந்தார்.

பத்து நாள் கழித்து, காலைப் பலகாரம் முடிந்த வேளையில், தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

“ஈரோட்டு இன்பவல்லி அக்காங்களா? என் பேரு ஜெரோம். தரங்கம்பாடியில படகு எஞ்சின் பழுது பாக்குறேன். குருதிப் பதிவகத்துலேருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்குக்கா. நாப்பது தடவைக்கு மேல விருந்தாளியா போனா விசாரிப்பாங்களாம். நான் உங்க வீட்டுக்குள்ள நாப்பத்தோரு தடவ போயிருக்கேன்னு போட்டிருக்கு. உங்க நம்பரும் அதுல இருந்துச்சு. நான் ஈரோட்டுப் பக்கமே வந்ததில்லக்கா.”

இன்பவல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மொதல்ல ஒண்ணும் புரியல” என்றான் அவன். “அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். தை மாசம் ஒருத்தங்களுக்கு மஜ்ஜை குடுத்தேன். யாருக்குன்னு சொல்லல, சரி. பொழைச்சாங்களான்னாவது சொல்லுங்கன்னு கேட்டேன். அதையும் சொல்லமாட்டோம்னுட்டாங்க.”

ஓர் ஆளின் இடத்தில் இன்னொருவர் நுழைந்துவிடக் கூடாது என்று செய்த பூட்டு, மருத்துவமனை காத்த ரகசியத்தை இரண்டு பக்க நோட்டீஸாக அவனுக்கு அனுப்பிவிட்டிருந்தது.

“நாப்பத்தோரு தடவ வீட்டுக்கு வந்திருக்கீங்கன்னா...” அவன் குரல் தயங்கியது. “நல்லா இருக்கீங்கதானேக்கா?”

“இருக்கேன் தம்பி” என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் காத்திருந்தான். பின்னால் ஏதோ எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

“சரிக்கா, அழாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணுமாம். உங்க வீட்டுக்குள்ள வந்தது நான் இல்லைன்னு எழுதி அனுப்பிரட்டுமா?”

இன்பவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க தம்பி. நீங்க இல்லைன்னு மட்டும் எழுதிராதீங்க.”