துணைக் கேள்வி தெரிந்த மூன்றாவது ஆள்

அந்தப் பெண்மணி உள்ளே வந்ததும் குடையை எங்கே வைப்பது என்று தேடினார். வெளியே மழை இல்லை, மேகமும் இல்லை. புதுக் குடை, கைப்பிடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. அதைக் கதவோரம் சாய்த்து, விழுந்துவிடுமோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

எதிரே இருந்தவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். குற்றப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மௌனமாக இருந்து அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் எதிராளி தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டதுண்டு. மனைவி இறந்த பிறகு அந்த மௌனம் இன்னும் நீண்டிருந்தது. மனைவியின் தம்பி, பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், அதை நிரப்புவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு தினமும் வந்துவிடுவார். நிதானம் அவரை மச்சான் என்பார். நாமும் அப்படியே சொல்வோம்.

"உங்கள டிவியில பாத்தேன் மேடம்," என்றார் மச்சான். "போன வாரம் மந்திரிகிட்ட கேள்வி கேக்க எழுந்தீங்க. அப்புறம் ஒண்ணும் கேக்காம உக்காந்துட்டீங்க."

"மச்சான்," என்றார் நிதானம்.

"இல்ல, அவர் சொல்றது சரிதான். அதுக்காகத்தான் வந்தேன்." அந்தப் பெண்மணி சட்டப்பேரவை உறுப்பினர். மேடைப் பேச்சுக்குப் பெயர் போனவர் இல்லை; கேள்விக்குப் பெயர் போனவர். "நாங்க மொதல்ல கேள்விய எழுதிக் குடுப்போம். மந்திரியோட ஆளுங்க பதில் தயார் பண்ணி வச்சிருப்பாங்க, மந்திரி படிப்பாரு. அது வெறும் வாசல். அவர் படிச்சு முடிச்சதும் எழுந்து ஒரு துணைக் கேள்வி கேக்கலாம். அத யாருக்கும் முன்னாடி சொல்ல வேண்டியதில்ல. வீட்டுக்குள்ள போறது அப்பத்தான்."

நிதானம் தலையசைத்தார்.

"ஆஸ்பத்திரி வழியாப் போன கடைசி பஸ்ஸ ஏன் நிறுத்தினீங்கன்னு எழுதிக் குடுத்திருந்தேன். காலியாப் போச்சு, அதனால நிறுத்தினோம்னு சொல்வாங்கன்னு தெரியும். என் துணைக் கேள்வி இதுதான்: நர்ஸுங்களுக்கு வேலை முடியறதுக்கு முன்னாடியே பஸ்ஸக் கிளப்பிட்டா, அது காலியாத்தானே போகும்?"

"சபாஷ்!" என்று மச்சான் தொடையில் தட்டினார்.

"அந்த சபாஷ் அன்னிக்கு மந்திரிக்குப் போயிடுச்சு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே, அவரே படிச்சாரு." உறுப்பினர் கண்களை மூடிக்கொண்டு, மனப்பாடமாகச் சொன்னார்: "'வேலை முடியும் முன்பே பேருந்து கிளம்பியதே காரணம் என்று சிலர் கருதலாம். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பணிபுரியும் பெண்களின் சிரமத்தை அரசு அறியும். மாற்று ஏற்பாடு பரிசீலனையில் உள்ளது.' நான் எழுந்து நின்னேன். கையில ஒண்ணுமே இல்ல. துணைக் கேள்வி இல்லேன்னா அடுத்த கேள்விக்குப் போகலாம்னு அவைத்தலைவர் சொன்னாரு. உக்காந்துட்டேன்."



"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் நிதானம்.

"எனக்கும் என் உதவியாளருக்கும். ரெண்டே பேர். துணைக் கேள்விய நான் எழுதி வைக்கறதே இல்ல. அறையப் பூட்டிட்டு ஒத்திகை பாப்போம். அவதான் மந்திரி. மந்திரி மாதிரியே தொண்டையச் செருமுவா, மூக்குக் கண்ணாடிய இறக்கிவிட்டுப் பாப்பா. நான் மொதல் தடவ ஜெயிச்சு வந்ததுலேருந்து கூடவே இருக்கா." குரல் இறங்கியது. "நேத்து அவகிட்டக் கேட்டேன். 'நீ யார்கிட்டயாவது சொன்னியா?' அவ பதிலே சொல்லல. இல்லன்னுகூட சொல்லல. மேஜை டிராயர் சாவிய எடுத்து என் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டா."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"அவள வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி நாளைக்குக் காலையில செயலகத்துல சொல்லணும். சொல்லிட்டா அவ்வளவுதான், திரும்பக் கேட்டாலும் கெடைக்க மாட்டா. எனக்குத் தங்கச்சி கெடையாது. அவதான்... அதனால, சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "இதுல துப்பறிய என்ன இருக்கு அத்தான்? ரெண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தர் இவங்க. மிச்சம் ஒருத்தர். இல்லேன்னா அறையில ஏதாவது ஒட்டுக்கேக்கற கருவி வச்சிருக்கணும். நான் வேணா போய் மேஜைக்கு அடியில பாக்கட்டுமா?"

"முட்டி வலிக்குதுன்னு நேத்துதான் சொன்னீங்க," என்றார் நிதானம். பிறகு உறுப்பினரிடம், "ஒத்திகையில நர்ஸுன்னுதான் சொன்னீங்களா? சலவைப் பிரிவுன்னு ஒரு தடவையாவது?"

"இல்ல." பதில் சட்டென்று வந்தது. வந்தபின் அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

நிதானம் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை, கதவோரம் பார்த்தார். "குடை புதுசா?"

"அதுவா? அவதான் வாங்கி என் மேஜையில வச்சா, அவையில கேள்வி வந்ததுக்கு முந்தின வாரம். கார்ல போறவளுக்கு எதுக்குடி குடைன்னு கேட்டேன். சிரிச்சா, அவ்வளவுதான். இன்னிக்கு ஏன் தூக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல."

"குடை வச்சதுக்கு முதல் நாள் மழையா?"

உறுப்பினர் யோசித்தார். "ஆமா. நல்ல மழை."

"சாயந்திரம் வாங்க. உங்க உதவியாளரையும் நாங்க கூப்பிடறோம்," என்று நிதானம் எழுந்தார். "மச்சான், செருப்பப் போடுங்க. பஸ் டிப்போவுக்குப் போறோம்."

"டிப்போவா? மந்திரி ஆபீஸுக்குப் போக வேணாமா?"

"அங்க கேட்டா பரிசீலனையில இருக்குன்னுதான் சொல்வாங்க."

டிப்போ, ஆஸ்பத்திரியைத் தாண்டி நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில் இருந்தது. இடையில் வீடுகள் இல்லை. ஒருபுறம் நீண்ட மதில், மறுபுறம் முட்செடி. அந்தச் சாலையை நிதானம் நடந்தே கடந்தார். மச்சான் முனகிக்கொண்டே பின்னால் வந்தார். பட்டப்பகலிலும் அங்கே தங்கள் காலடிச் சத்தம் தங்களுக்கே கேட்டது. மச்சான் ஒரு கட்டத்தில் முனகுவதை நிறுத்திவிட்டார்.

பஸ்கள் புறப்படும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் நேரக்காப்பாளர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். நிதானம் மட்டும் உள்ளே போனார். மச்சான் வெளியே நின்று பார்த்தபோது, நேரக்காப்பாளர் முதலில் தலையை ஆட்டுவதும், பிறகு தொலைபேசியைச் சுட்டிக்காட்டுவதும், கடைசியில் ஒரு பழைய மர நாற்காலியைச் சுட்டிக்காட்டுவதும் தெரிந்தது.

"என்ன சொன்னாரு?" என்றார் மச்சான், அவர் வெளியே வந்ததும்.

"நல்ல மனுஷன். நனைஞ்சு வந்தவங்களுக்கு நாற்காலி போட்டிருக்காரு."



சந்தேகப்பட ஒரே ஆள் இருக்கும் வழக்கில் எல்லோரையும் கூட்டுவது சுலபம். சாயந்திரம் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். உதவியாளர் மெலிந்த பெண், நாற்பதை நெருங்கும் வயது. உறுப்பினருக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் நான்கு கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். யாரும் தொடவில்லை.

"உறுப்பினரோட கேள்வி எப்படி மந்திரிகிட்டப் போச்சுன்னு மச்சான் கேட்டாரு," என்று நிதானம் தொடங்கினார். "நான் வேற ஒண்ணு கேட்டுக்கிட்டேன். அங்க போய்ச் சேர்ந்த கேள்வி ஏன் மாறியிருந்துச்சு? ஒத்திகையில சொன்னது நர்ஸு. மந்திரி படிச்சது சலவைப் பிரிவு. உதவியாளர் சொல்லியிருந்தா நர்ஸுன்னுதான் போயிருக்கும். ஒட்டுக்கேட்டிருந்தாலும் நர்ஸுதான். அப்ப இது அந்த அறையிலேருந்தே போகல."

மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது, குடை. கார்ல போறவங்களுக்கு ஒருத்தர் குடை வாங்கித் தர்றாங்கன்னா, அவங்க நனைஞ்சு வந்தத பாத்திருக்கணும். கார்ல போனா நனைய மாட்டாங்க. அன்னிக்கு உறுப்பினர் நடந்து எங்கேயோ போயிருக்காங்க. கேள்வியில இருக்கற தகவல் சரியான்னு பாக்காம அவையில எழுந்து நிக்கற ஆள் இல்ல அவங்க. பஸ் இல்லாம அந்தப் பெண்கள் நடக்கற ரோட்டுல நடந்தா, முடிவுல இருக்கறது டிப்போ." அவர் உறுப்பினரைப் பார்த்தார். "நேரக்காப்பாளருக்கு உங்கள அடையாளம் தெரியல. ஒரு அம்மா மழையில வந்தாங்க, கடைசி பஸ் முன்னாடி எப்பக் கிளம்புச்சுன்னு கேட்டாங்க, அதனாலதான் காலியாப் போயிருக்குன்னு சொன்னாங்கன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு மந்திரி ஆபீஸ்லேருந்து போன். சபையில கேள்வி வந்திருக்கு, ஜனங்க என்ன குறை சொல்றாங்கன்னு கேட்டிருக்காங்க. அவருக்கு வந்த குறை அந்த ஒண்ணுதான். பாவம், அந்தம்மாவுக்கு நல்லது நடக்கட்டும்னு அப்படியே சொல்லியிருக்காரு."

"அடக் கடவுளே," என்றார் மச்சான். "அப்ப மூணாவது ஆள் டைம்கீப்பர்! சொன்னது..."

"கவனமா கேள்வி கேக்கறவங்க மட்டும் செய்யக்கூடிய தப்பு. பதில் தேடி மந்திரி ஆபீஸ் எந்தக் கதவத் தட்டுமோ, அதே கதவ இவங்களும் தட்டிட்டாங்க." நிதானம் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இதுல என்னம்மான்னு அவர் உங்களக் கேட்டிருக்காரு. அதுக்கு நீங்க சொன்ன பதில நான் சொல்ல வேணாம்."

சன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலை செய்யறாங்கன்னு சொன்னேன்," என்றார் உறுப்பினர். "அம்மா போயே எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா அந்த மழையில அந்த நாற்காலியில உக்காந்ததும் அப்படித்தான் வாயில வந்துச்சு. நான் சின்னப் பொண்ணா சன்னல்ல நின்னு பஸ் வெளிச்சம் வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வந்ததும் ஓடிப்போய் அவங்க கையப் பிடிச்சுக்குவேன். எப்பவும் சோப்புத் தண்ணி வாசனை. வெரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருக்கும்." அவர் தன் கைகளை மறுபடி பார்த்துக்கொண்டார். "அவையில இத இழுக்க வேணாம்னு நர்ஸுன்னு வச்சேன். அம்மாவச் சொல்லி அனுதாபம் தேடறான்னு சொல்லுவாங்க."

பிறகு பக்கத்தில் திரும்பினார். "உனக்குத் தெரியும், இல்ல?"

"மந்திரி சலவைன்னு படிச்சதும் தெரிஞ்சுது அக்கா," என்றாள் உதவியாளர், தரையைப் பார்த்தபடியே. "ஒரு தடவ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப அம்மாவப் பத்தி சொன்னீங்க. சொன்னதே உங்களுக்கு ஞாபகம் இருக்காது. மந்திரி படிச்சதுக்கு முந்தின வாரம் சேலை முழுக்க நனைஞ்சு வந்து, கார்ல ஜன்னல் மூடலன்னு பொய் சொன்னீங்க."

"அப்ப நான் கேட்டப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

"என்னத்தச் சொல்ல? நீங்கதான் சொல்லிட்டீங்கன்னா? அம்மா பேரு வந்ததாலதான் கேள்வி போச்சுன்னு நெனச்சு, வருஷக்கணக்கா உங்களையே திட்டிக்கிட்டிருப்பீங்க. என்னத் திட்டினா ஒரு வாரத்துல மறந்துடுவீங்க."

உறுப்பினர் கைப்பையைத் திறந்து டிராயர் சாவியை எடுத்தார். அதைக் கொடுக்காமல், உதவியாளரின் உள்ளங்கையை விரித்து, உள்ளே வைத்து, விரல்களைத் தானே மூடினார். மூடிய கையை விடவில்லை.

மச்சான் திடீரென்று சன்னல் பக்கம் போய் வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்த்தார். "பரிசீலனையில உள்ளதுன்னா வரவே வராதுன்னுதானே அத்தான் அர்த்தம்?" என்றார்.

"அவையில சொல்லிட்டாரு. சொன்னது பதிவாயிடுச்சு," என்றார் நிதானம். "எப்ப முடியும் அந்தப் பரிசீலனைன்னு அடுத்த தடவ கேக்கலாம். அதுக்குத் துணைக் கேள்வியும் உண்டு."

உதவியாளர் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லாத மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கனமாகத் தொண்டையைச் செருமினாள். "'பரிசீலனை முழு வேகத்தில் நடைபெற்று வருகிறது.' ம், கேளுங்க அக்கா."

"அப்ப நான்தான் தலைவர்!" மச்சான் சன்னலை விட்டு ஓடிவந்து மேஜையைத் தட்டினார். "உறுப்பினர் துணைக் கேள்வி கேக்கலாம்."

உறுப்பினர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். அந்த மௌனத்தை மச்சான்கூட நிரப்பவில்லை.

"தலைவர் அவர்களே," என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "என் அம்மா அந்த ஆஸ்பத்திரியில துணி துவைச்சவங்க. அவங்க வீடு திரும்பறதுக்கு ஒரு பஸ் இருந்துச்சு. அதனால நான் படிச்சேன், இங்க வந்து நிக்கறேன். இன்னிக்கு அதே வேலை செய்யற ஒருத்தியோட பொண்ணு சன்னல்ல நிக்கறா. அவ எந்த வெளிச்சத்துக்காகக் காத்திருக்கணும்னு அமைச்சர் சொல்வாரா?"

உதவியாளர் இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்த்தாள்.

"என்கிட்ட பதில் இல்ல அக்கா," என்றாள். "இதையே கேளுங்க."